ஏற்காடு: தண்ணீர் மாற்றியதும் நத்தை, இறால், கோரி, டெட்ரா என்று வரிசையாகச் சாகின்றன. காரணம் என்னவாக இருக்கும்?

நாகலூர் தொட்டி

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு. 3 அடித் தொட்டி, நூறு லிட்டர் பிடிக்கும். புதுத் தொட்டி இல்லை, இரண்டு வருடமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நியான் டெட்ரா ஒரு கூட்டம், கோரி கெளுத்தி 5, செர்ரி இறால் எண்ண முடியாத அளவுக்கு, ராம்ஸ்ஹார்ன் நத்தை அதைவிட அதிகம். ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பின்னால் தொங்கும் ஃபில்டரும் இருக்கின்றன. ஹீட்டர் 25 டிகிரி.

கோடை விழா முடிந்து கூட்டம் இறங்கிய சமயத்தில் எங்கள் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அதனால் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப் போட்டிருந்தேன். போன வாரம் இந்த வருடத்தின் முதல் நல்ல மழை. ஓட்டுக் கூரைத் தண்ணீர் குழாய் வழியாக ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸில் விழும்படி வைத்திருக்கிறோம், அது ஒரே ராத்திரியில் முக்கால்வாசி நிறைந்தது. அதிலிருந்து எடுத்து சனிக்கிழமை மாலை மூன்றில் ஒரு பங்கு மாற்றினேன்.

ஞாயிறு காலையில் பார்த்தால் கண்ணாடியில் ஒரு நத்தைகூட ஒட்டவில்லை, எல்லாம் கீழே கல்மேல் கிடந்தன. இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கால்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் கோரிகள் மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கின. உடனே இன்னொரு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன். அரை மணி நேரத்தில் டெட்ராக்களும் அதே மாதிரி மேலே வந்துவிட்டன. இருட்டுவதற்குள் கோரி ஐந்தும் போய்விட்டன, டெட்ராவில் பாதிக்குமேல் இல்லை. உடம்பில் புள்ளி, பஞ்சு, புண் எதுவும் தெரியவில்லை. சேலத்தில் நான் மீன் வாங்கும் கடையில் கேட்டேன், ஒரு நீல மருந்தைச் சொன்னார்கள். இன்னும் ஊற்றவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

மேட்டூர்க்காரன்

அம்மோனியா பார்த்தீர்களா? வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் விட்டால் ஏறியிருக்கும்.

ஆத்தூர் கப்பி

ப்ரோ, கல் உப்பு போட்டு மருந்தை ஊற்றிவிடுங்கள். மழைக்காலம் வந்தாலே தண்ணீர் ஜில்லென்று ஆகி மீனுக்கு நோய் வரும், எனக்கும் வந்திருக்கிறது. தாமதிக்க வேண்டாம்.

அஞ்சுரோடு அக்வா

நாகலூர் தம்பி, மருந்தைத் தொடவே வேண்டாம். நோயாக இருந்தால் ஒரே ராத்திரியில் நத்தை, இறால், மீன் மூன்றும் சேர்ந்து விழாது. வெள்ளைப்புள்ளிக் கிருமி மீனைப் பிடிக்கும், நத்தையை என்ன செய்யும்? ஓடு இருக்கிற பிராணிகள் முதலில் விழுந்து மீன் பிறகு விழுந்தது என்றால் தண்ணீரில் ஏதோ விஷம் இருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன். வெள்ளைப்புள்ளிக்கு விற்கும் பாட்டில்களில் பலவற்றில் தாமிரமோ மாலகைட் கிரீனோ இருக்கும். ஏற்கெனவே செவுள் அடிபட்ட மீன்மேல் அதையும் ஊற்றினால் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிய தடயமாகத் தெரிவது இரண்டாவது தடவை தண்ணீர் மாற்றியது. தொட்டிக்குள்ளேயே உண்டான கேடு என்றால், அம்மோனியாவோ அழுகலோ எதுவாக இருந்தாலும், புதுத் தண்ணீர் போனதும் மீன் கொஞ்சமாவது தெளியும். இங்கே நேர் எதிராக அரை மணி நேரத்தில் மோசமாகியிருக்கிறது. அப்படியென்றால் கேடு வெளியே இருந்து வாளியில்தான் வந்தது.

இப்போதே செய்ய வேண்டியது: அந்த சின்டெக்ஸ் தண்ணீரை இனி ஒரு சொட்டுகூடத் தொட்டியில் விடாதீர்கள். கிணற்றில் எவ்வளவு கிடைக்கிறதோ அதை எடுத்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, உயிரோடு இருக்கும் டெட்ராக்களை ஒரு வாளியில் போட்டு ஏர் ஸ்டோனை நன்றாக ஓட விடுங்கள். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் அதே சூட்டில் உள்ள தண்ணீரில் கீழே சேலத்தில் கரைவதைவிட கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். செவுள் கெட்ட மீனுக்கு அதுவே பெரிய வித்தியாசம்.

அப்புறம் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள்: அம்மோனியா, நைட்ரைட், பிஎச் எவ்வளவு? வீட்டில் பெயின்ட், எறும்பு மருந்து, கொசு மருந்து ஏதாவது? வாளி தொட்டிக்கென்று தனியாக வைத்ததா? சின்டெக்ஸ் எப்போது கழுவியது?

நாகலூர் தொட்டி

நன்றி அண்ணா. நான்கு டெட்ராக்களைக் கிணற்றுத் தண்ணீருக்கு மாற்றிவிட்டேன், இன்னும் மூச்சு வாங்குகின்றன.

தண்ணீர் சோதிக்கும் சொட்டு மருந்து கிட்டில் அம்மோனியா 0.5, நைட்ரைட் பூஜ்யம், பிஎச் 6.5. சனிக்கிழமை தண்ணீர் மாற்றுவதற்கு முன்னால் பார்த்தபோது அம்மோனியா பூஜ்யம், பிஎச் 7. பெயின்ட் எதுவும் அடிக்கவில்லை. கொசு மருந்து பயன்படுத்துவதில்லை, இங்கே குளிர் இருப்பதால் தேவைப்படாது. வாளி தொட்டிக்கு மட்டும்தான், சோப்பு பட்டதில்லை. சின்டெக்ஸைக் கோடையில் தண்ணீர் காலியானபோது தேய்த்துக் கழுவினோம், வெறும் தேங்காய் நார்தான். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் இதே கூரை, இதே குழாய், இதே சின்டெக்ஸ் தண்ணீரைத்தான் மழைக்காலம் முழுக்க விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் குழப்பமாக இருக்கிறது.

மேட்டூர்க்காரன்

0.5 அம்மோனியா இருக்கிறதே! அதுதான் காரணம்.

கோரி பிரியை

அது காரணம் இல்லை, விளைவு. நான் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கிட் காட்டுவது இரண்டு வடிவத்தின் கூட்டு: அம்மோனியம் அயனி, அம்மோனியா வாயு. செவுளைச் சுடுவது பெரும்பாலும் வாயு வடிவம்தான். 25 டிகிரியில் பிஎச் 8 என்றால் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம் அந்த வடிவில் இருக்கும். பிஎச் 7 என்றால் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 6.5 என்றால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. ஆக உங்கள் 0.5இல் விஷ வடிவம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் அளவுதான், அது டெட்ராவைக் கொல்லாது. இதே 0.5 சேலத்தில் போர்வெல் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் பிஎச் 8.3இல் வந்திருந்தால் நானும் பயந்திருப்பேன்.

சனிக்கிழமை பூஜ்யமாக இருந்தது ஞாயிறு ஏறியதற்கு, செத்த நத்தைகள் கல்லுக்கடியில் அழுகுவதே போதும். அம்மோனியாவைத் தின்னும் ஃபில்டர் பாக்டீரியாவும் அடிபட்டிருக்கலாம். செத்தவற்றை முழுக்கப் பொறுக்கி எடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். மலையில் பல வீடுகளில் வெந்நீருக்கு விறகு போடும் செம்பு பாய்லர் உண்டு. தொட்டிக்கான தண்ணீரை வெதுவெதுப்பாக்க அதிலிருந்து எடுத்துக் கலப்பீர்களா? நத்தையும் இறாலும் முதலில் விழுந்தது என்றதும் எனக்குத் தாமிரம்தான் நினைவுக்கு வருகிறது. மீன் தாங்கும் அளவைப் பெரும்பாலும் அவை தாங்காது.

நாகலூர் தொட்டி

செம்பு பாய்லர் இருக்கிறது டீச்சர். மார்கழி, தை மாதங்களில் அரைச் செம்பு எடுத்துக் கலப்பேன், அப்போதும் இறால் நன்றாகவே இருந்தது. இந்தத் தடவை கலக்கவே இல்லை, ஜூன் மாதம் அந்த அளவுக்குக் குளிர் இல்லை.

கோரி பிரியை

அப்படியென்றால் பாய்லரை விட்டுவிடலாம். தாமிரத்தை இன்னும் விடவில்லை.

ஆத்தூர் கப்பி

கொசு மருந்து பற்றி அக்வா அண்ணா கேட்டதால் இதை எழுதுகிறேன், நாகலூர் ப்ரோவுக்குப் பொருந்தாவிட்டாலும் வேறு யாருக்காவது உதவும். எங்கள் வீட்டில் ஒரு தொட்டி மட்டும் மாதம் ஒருமுறை காலியாகும். ஏர் பம்ப் இருந்த அலமாரியின் பிளக்கில்தான் கொசு லிக்விட் செருகியிருந்தது. பம்ப் அந்த ஆவியை அப்படியே இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக விட்டுக்கொண்டிருந்தது. அந்த லிக்விடில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து நமக்குப் பெரிதாகத் தெரியாது, மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். லிக்விடை வேறு அறைக்கு மாற்றிய பிறகு அந்தத் தொட்டியில் சாவு இல்லை.

அஞ்சுரோடு அக்வா

நல்ல தகவல் ஆத்தூர் தம்பி. பம்பை எங்கே வைத்திருக்கிறோம் என்று பாதிப் பேர் யோசிப்பதே இல்லை.

நாகலூர் தம்பி, தாமிரம் பார்க்கும் கிட் ஆன்லைனில் போடுங்கள். வருவதற்கு நாளாகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம், நத்தையை வைத்தே பார்த்துவிடலாம். தொட்டி நத்தை எல்லாம் செத்திருக்கும், வேறு எங்காவது இருக்கிறதா? மூன்று கண்ணாடி ஜாடி எடுங்கள். ஒன்றில் சின்டெக்ஸ் தண்ணீர். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதில், இதுதான் முக்கியம், கூரை படாத மழைத்தண்ணீர்: மழை பெய்யும்போது முற்றத்தில் திறந்தவெளியில் எவர்சில்வர் அண்டா வைத்துப் பிடியுங்கள். மூன்றும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு ஜாடிக்கு இரண்டு மூன்று நத்தை விடுங்கள். கூடவே இருந்து பாருங்கள். சுருண்டு கீழே விழுந்து எழாமல் கிடந்தால் உடனே எடுத்துக் கிணற்றுத் தண்ணீரில் போட்டுவிடுங்கள், சாகும்வரை விட வேண்டிய அவசியமில்லை.

மேட்டூர்க்காரன்

அண்ணா, அம்மோனியாவை விட்டுவிட்டேன். ஆனால் பிஎச் 7இல் இருந்து 6.5க்கு இறங்கியதை யாரும் பேசவில்லை. மழைத்தண்ணீரில் கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) கிடையாது, தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் பிஎச் சரிந்து அந்த அதிர்ச்சியில் செத்திருக்கலாம் இல்லையா? கிணறு வற்றும்வரை பாறைத் தண்ணீர், அப்புறம் திடீரென்று மழைத்தண்ணீர்.

அஞ்சுரோடு அக்வா

நியாயமான கேள்வி. அதற்காகத்தான் மூன்றாவது ஜாடி. பிஎச்சோ கேஎச்சோ காரணம் என்றால் அண்டாவில் பிடித்த மழையிலும் நத்தை அதே மாதிரி விழ வேண்டும், இரண்டிலும் உப்பு இல்லாத தண்ணீர்தானே. சின்டெக்ஸில் மட்டும் விழுந்தால் வானத்துக்கும் சின்டெக்ஸுக்கும் நடுவில் ஏதோ சேர்ந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து கேஎச் குறைந்த தண்ணீரில் நத்தை ஓடு வெளுத்துக் குழி விழும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஒரு ராத்திரியில் சாகாது.

நாகலூர் தொட்டி

நேற்று சாயங்காலம் மழை பிடித்தது, அண்டாவில் போதுமான அளவு கிடைத்தது. வெளியே தண்ணீர்ச்செடி வளர்க்கும் மண்தொட்டியில் ராம்ஸ்ஹார்ன் குஞ்சுகள் நிறைய இருந்தன, அதற்குக் கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான் ஊற்றுவோம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு விட்டேன்.

கிணற்று ஜாடி: விட்ட உடனே கண்ணாடியில் ஏறிவிட்டன. அண்டா மழை: கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏறின, காலையிலும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. சின்டெக்ஸ் ஜாடி: ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கிடந்தன, அப்புறம் பாதி உடம்பு வெளியே தொங்கியது, ஒட்டவே இல்லை. எடுத்துக் கிணற்றுத் தண்ணீரில் போட்டேன். ஒன்று பிழைத்து நகர்கிறது, மற்றவை இல்லை.

பிடித்த மழையின் பிஎச்சும் பார்த்தேன். சின்டெக்ஸைவிட அண்டாத் தண்ணீர்தான் இன்னும் கீழே, 6க்குப் பக்கம்.

மேட்டூர்க்காரன்

சரி, பிஎச் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். அருமையாகச் செய்தீர்கள்.

கோரி பிரியை

இதைவிடத் தெளிவாக ஒரு சோதனை அமையாது. ஆக, கூரை, கூரைமேல் கிடந்தது, தகரக் கால்வாய், குழாய், சின்டெக்ஸ். இவற்றில் ஒன்று.

ஓட்டுக் கூரை என்றீர்கள், ஓரத்தில் தண்ணீர் வடியும் கால்வாய் ஜிங்க் பூசிய தகரமா? துத்தநாகமும் மென்னீரில் நத்தைக்கும் மீனுக்கும் கெடுதல்தான், லேசான அமில மழை அதைக் கரைக்கும். ஆனால் இரண்டு வருடம் ஒன்றும் செய்யாத தகரம் இந்த வருடம் மட்டும் ஏன் செய்ய வேண்டும்? கோடையில் புதிதாக மாற்றினீர்களா?

நாகலூர் தொட்டி

தகரம்தான் டீச்சர், பழையது. எதுவும் மாற்றவில்லை.

மிளகுக்கொடி

நான் இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், மீன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்கு வெள்ளக்கடைப் பக்கம் சின்னதாகக் காப்பியும் மிளகும் இருக்கிறது. டீச்சர் தாமிரம் என்றதும் தோன்றியது: உங்கள் வீட்டை ஒட்டி எஸ்டேட் இருக்கிறதா? இருந்தால், மழைக்கு முன்னால் மருந்து அடித்தார்களா?

விவரம் தெரியாதவர்களுக்காக: காப்பிக்கு இலைத்துரு நோய் வராமல் இருக்க மழைக்கு முன்னால் மே, ஜூனிலும், மழை விட்டபின் செப்டம்பர் வாக்கிலும் போர்டோ கலவை அடிப்பது வழக்கம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது. மயில்துத்தம் என்றாலே தாமிர சல்பேட்தான். காப்பிக்கு அரை சதவீதம், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ. மிளகுக்கு வாடல் நோய்க்காக ஒரு சதவீதம், இரட்டிப்பு. காப்பிச் செடி இடுப்பளவு, தலையளவு இருக்கும், அடித்தால் பெரும்பாலும் அங்கேயே விழும். மிளகு அப்படி இல்லை. சில்வர் ஓக் மரத்தில் உயரமாக ஏறியிருக்கும், பவர் ஸ்பிரேயரைத் தூக்கிப் பிடித்து மேல்நோக்கி அடிக்க வேண்டும். காற்று லேசாகத் திரும்பினாலும் சாரல் பக்கத்து நிலத்துக்குப் போகும். நாங்கள் அடித்துவிட்டு வரும்போது எங்கள் சட்டை முழுக்க நீலமாக இருக்கும்.

வீட்டைச் சுற்றி வாழையோ கொய்யாவோ இருந்தால் இலையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். வெளிறிய நீலத்தில், சுண்ணாம்பு தெளித்த மாதிரிப் புள்ளிகள் இருக்கும். மழை பட்டும் முழுக்கப் போகாது, ஒட்டுவதற்காகத்தானே சுண்ணாம்பு சேர்ப்பது.

நாகலூர் தொட்டி

இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் வேலியை ஒட்டிய எஸ்டேட், சில்வர் ஓக் வரிசை எங்கள் கூரையைவிட உயரம், அதில் மிளகு. முந்தின வருடங்களில் கொடி சின்னது, இப்போதுதான் நல்ல உயரத்துக்கு ஏறியிருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன், மழைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஸ்பிரேயர் சத்தம் கேட்டதாம், துணியைக் கொடியில் இருந்து எடுத்து உள்ளே போட்டதாகச் சொன்னார்.

கொய்யா இலையில் நீங்கள் சொன்ன அதே நீலப்புள்ளி. ஏணி வைத்து ஓட்டைப் பார்த்தேன், மழை நேராக அடிக்காத சந்துகளில் இன்னும் நீலம் இருக்கிறது.

மிளகுக்கொடி

அதுதான்.

கோரி பிரியை

கணக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்போம். ஒரு சதவீதக் கலவை என்றால் லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம். மயில்துத்தத்தில் தாமிரம் எடையில் கால்வாசி. ஆக, ஒரு லிட்டர் கலவையில் இரண்டரை கிராம் தாமிரம். உங்கள் கூரைமேல் வெறும் 100 மில்லி சாரல், ஒரு டம்ளர்கூட இல்லை, படிந்திருந்தால் கால் கிராம் தாமிரம். அது முதல் மழையில் கழுவப்பட்டு ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸில் சேர்ந்தால் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம். மூன்றில் ஒரு பங்கு மாற்றியபோது தொட்டியில் 0.08, இரண்டாவது முறைக்குப் பிறகு 0.14க்குப் பக்கம். முதல் அளவில் நத்தையும் இறாலும் விழுந்து, இரண்டாவதில் டெட்ரா விழுந்தது சரியாக ஒத்துப்போகிறது.

சுண்ணாம்பு சேர்ந்திருப்பதால் தாமிரம் கரையாத வடிவில் இலையில் ஒட்டியிருக்கும். மழை லேசான அமிலம், அது சிறிது சிறிதாகக் கரைத்து எடுக்கும். பூஞ்சையைக் கொல்வதும் அப்படிக் கரைந்து வரும் தாமிரம்தான்.

மேட்டூர்க்காரன்

ஒரு சந்தேகம். நான் சேலத்தில் இருந்தபோது தாமிர மருந்தை 0.2 அளவுக்குமேல் வைத்து மோலிக்கு வெள்ளைப்புள்ளி குணப்படுத்தியிருக்கிறேன், ஒன்றுகூடச் சாகவில்லை. இங்கே 0.14இல் எல்லாம் போய்விட்டதே?

அஞ்சுரோடு அக்வா

உங்கள் போர்வெல் தண்ணீர் காப்பாற்றியது. தாமிர அயனி செவுளில் ஒட்டி, மீன் தண்ணீரில் இருந்து சோடியத்தை இழுத்துக்கொள்வதைத் தடுக்கும். உடம்பு உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும், உள்ளே வராது. மேலே வந்து மூச்சு வாங்குவதைப் பார்த்து ஆக்சிஜன் குறைவு என்று நினைப்போம், அடிப்படைச் சேதம் உப்பில் நடக்கிறது. கடினநீரில் கால்சியமும் மெக்னீசியமும் அந்தச் செவுள் இடத்தைப் பிடித்துக்கொண்டு தாமிரத்தை ஒட்ட விடாது, கார்பனேட்டும் ஒரு பகுதியைக் கட்டிவிடும். சேலத்தில் மாக்னசைட் வெட்டும் மலை பக்கத்திலேயே இருக்கிறது, பல இடங்களில் போர்வெல் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) ஆயிரத்தைத் தாண்டும். பாத்திரத்தில் உப்புப் படிகிறது என்று எல்லோரும் திட்டும் அதே தண்ணீரில் தாமிரத்தின் வேகம் பல மடங்கு குறையும். நாகலூரில் சின்டெக்ஸில் இருப்பது கடினத்தன்மையே இல்லாத மழை. அதனால்தான் மருந்து பாட்டிலின் அளவைத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்க்காமல் பின்பற்றக் கூடாது என்று கத்திக்கொண்டே இருக்கிறேன். மலையில் இருப்பவர்களும், ஆர்ஓ தண்ணீர் விடுபவர்களும் தாமிர மருந்துப் பக்கமே போகாதீர்கள்.

ஆத்தூர் கப்பி

ப்ரோ, அந்த சின்டெக்ஸ் தண்ணீரை வீட்டில் யாரும் குடிக்கவில்லையே?

நாகலூர் தொட்டி

இல்லை, துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும். குடிப்பதற்குத் தெருக் குழாய்தான்.

கோரி பிரியை

பயப்பட வேண்டாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் தாமிரத்துக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 2. மனிதர்களுக்கு அனுமதிக்கும் அளவே இறால் தொட்டியைக் காலி செய்துவிடும் என்பதை இந்த எண்களைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். இருந்தாலும் கூரைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், தாமிரத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

நாகலூர் தொட்டி

கிட் வந்துவிட்டது. சின்டெக்ஸ் தண்ணீர் 0.25 நிறத்துக்கும் 0.5 நிறத்துக்கும் நடுவில் நிற்கிறது. தொட்டியில் 0.25க்குக் கீழே, ஆனால் பூஜ்யம் இல்லை. கிணறும் அண்டா மழையும் பூஜ்யம்.

இன்னொன்றும் செய்தேன். இந்த வாரம் நல்ல மழை. குழாயை சின்டெக்ஸில் இருந்து கழற்றிவிட்டுக் கூரைத் தண்ணீரைத் தரையில் ஓட விட்டிருந்தேன். நேற்று அதே கூரை, அதே தகரக் கால்வாயில் இருந்து ஒரு ஜாடி பிடித்துப் பார்த்தேன், கிட்டில் நிறமே வரவில்லை, நத்தையும் கண்ணாடியில் ஏறிவிட்டது. ஆக, தகரமும் இல்லை, ஓடும் இல்லை.

டெட்ரா நான்கும் பிழைத்துவிட்டன, இரை எடுக்கின்றன. இனி தொட்டியை என்ன செய்வது? கல், மரம் எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டுமா?

அஞ்சுரோடு அக்வா

எறிய வேண்டாம். கிணறு ஊறிவிட்டது என்றால் அந்தத் தண்ணீரால் பாதிப் பாதியாக மாற்றிக்கொண்டே வாருங்கள், தொங்கும் ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். அடுப்புக்கரி இல்லை, கடையில் விற்கும் கார்பன். அது தாமிரத்தை ஓரளவுதான் பிடிக்கும், சில நாட்களில் நிரம்பிவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூப்ரிசார்ப் என்று தாமிரத்துக்கென்றே ஒரு ரெசின் இருக்கிறது, கிடைத்தால் அது இன்னும் நல்லது. மரத்துண்டை உள்ளேயே விடுங்கள், அதில் இருந்து இறங்கும் பழுப்புச் சாயம் தாமிரத்தைக் கட்டி வைக்கும், கெடுதல் இல்லை.

தொட்டியில் சுண்ணாம்புக்கல், சிப்பி, பவளத்துண்டு ஏதாவது இருக்கிறதா? அதை மட்டும் எடுத்துவிடுங்கள். தாமிரம் அதன்மேல் படிந்து, பின்னால் பிஎச் இறங்கும்போது மறுபடி கரைந்து வரலாம். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து வண்டலை வெளியே கொட்டுங்கள். பாக்டீரியா பாதி போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு அம்மோனியாவைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மிளகுக்கொடி

எஸ்டேட்காரர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள் தம்பி. அடிக்காமல் விட்டால் ஒரே மழையில் மிளகுக்கொடி வேரோடு வாடி நிற்கும், பல வருட உழைப்பு போய்விடும், நாங்களும் அடிக்கத்தான் செய்கிறோம். எஸ்டேட் வேலையைப் பார்த்துக்கொள்ளும் ரைட்டரைப் பார்த்து, வேலி ஓரத்து மரங்களுக்கு அடிக்கும் தேதியை முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். காற்று இல்லாத அதிகாலையில் அந்த வரிசையை அடித்துவிடச் சொல்லுங்கள், அவர்களுக்கும் மருந்து வீணாகாது. பக்கத்தில் மீன், கிணறு, தேனீப் பெட்டி இருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் கேட்பார்கள். கலக்கிய டிரம்மையும் ஸ்பிரேயரையும் ஓடையில் கழுவ வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், ஓடையிலும் மீனும் நண்டும் இருக்கின்றன.

அடித்த பிறகு வரும் முதல் சில மழைக்குக் கூரைக் குழாயை சின்டெக்ஸில் இருந்து கழற்றி விட்டுவிடுங்கள்.

மேட்டூர்க்காரன்

கழற்ற மறந்துவிட்டால்? ஒரு டீ-ஜாயின்ட் போட்டு, கீழே மூடி வைத்த குழாய் ஒன்றை நிறுத்தினால் முதல் மழை அதில் நிரம்பிய பிறகுதான் சின்டெக்ஸுக்குப் போகும். 50 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 50 லிட்டர். குறைந்தது அவ்வளவாவது பிடிக்கும் குழாயோ டிரம்மோ வையுங்கள். பறவை எச்சம், தூசி எல்லாம் அதிலேயே தங்கிவிடும்.

கோரி பிரியை

அது நல்ல ஏற்பாடு, ஆனால் போர்டோவுக்கு அது மட்டும் போதாது. ஒட்டிக்கொள்ளும்படி செய்த மருந்து ஒரு மில்லிமீட்டர் மழையில் முழுக்க இறங்காது. டிரம்மும் வேண்டும், மருந்து அடித்த பிறகு குழாயையும் கழற்ற வேண்டும், தொட்டிக்கு எடுக்கும் முன்னால் கிட்டிலும் பார்க்க வேண்டும்.

நாகலூர் தொட்டி

ரைட்டரைப் பார்த்துப் பேசிவிட்டேன். நல்ல மனிதர், வேலி ஓரத்து வரிசையை அடிப்பதற்கு முதல் நாள் ஆள் அனுப்புவதாகச் சொன்னார், அடுத்தது செப்டம்பரில் இருக்குமாம். சின்டெக்ஸைக் காலி செய்து கழுவியாகிவிட்டது, அந்தத் தண்ணீரை ஓடைப் பக்கம் போகாமல் மேட்டில் காட்டுப் புல்லுக்கு விட்டேன். பவளத்துண்டு ஒன்று இருந்தது, எடுத்துவிட்டேன். ஃபில்டரில் கார்பன் மாற்றிக்கொண்டே வருகிறேன், தொட்டி இப்போது கிட்டில் பூஜ்யம் காட்டுகிறது, அம்மோனியா மட்டும் இன்னும் லேசாக இருக்கிறது.

முதலில் மண்தொட்டி நத்தைகளை விட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அவை நன்றாக இருந்தால் டெட்ராக்கள் திரும்பும், அப்புறம்தான் இறால். சேலத்தில் யாரிடமாவது செர்ரி இறால் குஞ்சு கூடுதலாக இருந்தால் சொல்லுங்கள், அடுத்த மாதம் இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஆத்தூர் கப்பி

என்னிடம் நிறைய இருக்கிறது ப்ரோ, காசெல்லாம் வேண்டாம். ஆனால் எங்கள் தண்ணீர் கெட்டியான தண்ணீர், உங்கள் கிணற்றுக்குப் பழக்க நேரம் எடுத்துச் சொட்டுச் சொட்டாக மாற்ற வேண்டும். வரும்போது அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு கேன் கொண்டுவாருங்கள், இங்கேயே சில நாள் பழக்கித் தருகிறேன்.